மூளையிற் புதிய கலம் பிறவாதென்ற கோட்பாடும் அதன் வீழ்ச்சியும்

தோலிற் காயம் ஏற்பட்டால் அது ஆறுகின்றது. குருதிக் கலங்கள் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறக்கின்றன. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கொருமுறை தன்னைப் புதுப்பித்துக் கொள்கின்றது. மூளை மட்டும் இவ்விதிக்குப் புறம்பானது என்றும், பிறப்பையடுத்த சிறிது காலத்தின் பின் அதிற் புதிய நரம்புக் கலம் ஒன்றேனும் தோன்றுவதில்லை என்றும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ மாணவர்க்குப் போதிக்கப்பட்டது. மூளை பாதிப்புற்றவரை நோக்கும் மருத்துவனின் நம்பிக்கையையும், முதுமையைப் பற்றிய பொதுமக்களின் எண்ணத்தையும் இப்போதனை ஆண்டது. இன்று அது பழைய வடிவில் நிலைபெறவில்லை. அதனை மறுத்த சான்று 1962ஆம் ஆண்டிலேயே அச்சில் வெளிவந்துவிட்டது. ஆயினும் கோட்பாடு மேலும் முப்பது ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. ஏன்?

இது விஞ்ஞான பீடத்தாருக்குரிய பொருளென்று கூறிக் கலைப்பீடத்தார் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆயின், ஒரு சான்று எப்போது சான்றாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது என்ற வினா வரலாறு பயில்வோருக்கே உரியது. கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டவுடன் வரலாறு மாறிவிடுவதில்லை. அக்கல்வெட்டைப் பொருத்திப் பார்ப்பதற்கு ஒரு சட்டகம் வேண்டும். மூளைக் கலங்களின் கதையிலும் அதுவே நிகழ்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. 1962இல் ஒருவரையொருவர் சாராத இருவர், இரு நகரங்களில், இருவேறு செய்திகளை வெளியிட்டனர். ஒன்று மூளையிற் புதிய கலம் பிறக்கின்றது என்பது. மற்றது பிறந்த எலிக்குஞ்சின் கண்ணிமை விரைவிற் திறக்கின்றது என்பது. இவ்விரண்டும் 1992இற் சந்தித்த பின்னரே பழைய கோட்பாடு சரிந்தது.

கோட்பாட்டின் மூலவர் சாதாரணமானவரல்லர். ஸ்பானிய அறிஞரான சன்ரியாகோ ரமோன் இ கஹால் நரம்புத் தொகுதி தனித்தனிக் கலங்களால் ஆனது என்பதை நிலைநாட்டியவர். 1906ஆம் ஆண்டின் நோபல் பரிசை இத்தாலியரான கமில்லோ கொல்கியுடன் பகிர்ந்துகொண்டவர். நரம்புத் தொகுதியின் அழிவையும் மீளாக்கத்தையும் பற்றி 1913ஆம், 1914ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட பெருநூலில், வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் முடிந்த முடிபாய் அமைந்தவை, அங்கு இறத்தல் உண்டு, மீளப் பிறத்தல் இல்லை என்ற கருத்தைக் கூறினார். அவ்விடத்திலேயே, இவ்விதியை மாற்றுவது எதிர்கால விஞ்ஞானத்தின் பணியாகலாம் என்றும் சேர்த்துக் கூறினார். பின்வந்தோர் முதற்பாதியை மனனம் செய்து இரண்டாம் பாதியை விட்டுவிட்டனர். ஆசானின் வாக்கு சூத்திரமாவதும் அதன் விதிவிலக்கு உதிர்ந்துபோவதும் நமது மரபிலும் காணாத ஒன்றன்று.

கஹாலின் முடிவுக்குக் காரணம் இருந்தது. நீண்ட இழைகளும் எண்ணற்ற கிளைகளும் கொண்டு பிற கலங்களோடு பின்னிக் கிடக்கும் நரம்புக் கலம் தன்னை இரண்டாகப் பிளந்துகொள்ளும் என்று எண்ணுவது கடினம். கலப்பிரிவு காணப்பட்ட இடம் முளையத்தின் மூளை. அங்கும் நடுவிலுள்ள நீரறைகளின் சுவரையொட்டியே அது நிகழ்ந்தது. 1912இல் எஸ்றா அலன் என்பார் வெள்ளெலிகளை ஆராய்ந்து, பிறந்த பின்னரும் அச்சுவரிற் சில கலங்கள் பிரிந்துகொண்டிருப்பதைக் கண்டு எழுதினார். எவரும் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. பிரியும் கலம் நரம்புக் கலமாக மாறுமா, அன்றி நரம்புக் கலங்களைத் தாங்கிநிற்கும் கிளையாக் கலமாக மாறுமா என்று அறிய வழியிருக்கவில்லை.

இடர்ப்பாடு கருவியிலேயே இருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்படுவது இறந்த மூளையின் சாயமூட்டிய ஒரு சீவல். அதிலுள்ள கலம் நேற்றுப் பிறந்ததா, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்ததா என்பதை அதன் தோற்றம் கூறாது. ஆண்டு பொறிக்கப்படாத சாசனம் போன்றது அது. 1950களின் பிற்பகுதியில் இக்குறை நீங்கியது. கலம் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.யை இரட்டிக்கின்றது, அதற்குத் தைமிடீன் என்னும் பொருள் வேண்டும். கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசனைக் கொண்டு ஆக்கிய தைமிடீனை விலங்குக்கு ஊசிமூலம் ஏற்றினால், அப்போது பிரியவிருக்கும் கலங்கள் மட்டும் அதனை உட்கொள்ளும். பின்னர் மூளைச் சீவலின் மீது ஒளிப்படப் பசையைப் பூசி இருட்டில் வைத்தால் அக்கலங்களின் கருவின்மேற் கரும்புள்ளிகள் தோன்றும். கலத்திற்குப் பிறந்த திகதி கிடைத்துவிட்டது.

இம்முறையை மூளைக்குப் பயன்படுத்தியவர் யோசப் அல்ட்மன். புடாபெஸ்ற் நகரில் 1925இற் பிறந்து, யூதராதலால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அல்லலுற்று, பின்னர் அமெரிக்கா சேர்ந்த அவர், மசச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஆய்வு நடத்தினார். மூளையின் ஒரு சிறு பகுதி காயப்படுத்தப்பட்ட எலிகளில், காயத்தைச் சூழக் கிளையாக் கலங்கள் எவ்வாறு பெருகுகின்றன என்று காண்பதே அவரது தொடக்க நோக்கம். அவற்றோடு, நரம்புக் கலங்கள் சிலவற்றின் கருவிலும் கரும்புள்ளிகள் இருந்தன. வளர்ந்த பாலூட்டிகளின் மூளையிற் புதிய நரம்புக் கலங்கள் உருவாகின்றனவா என்ற வினாவையே தலைப்பாக்கி 1962இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் அவர் எழுதினார். 1965இற் கோபால் தாஸ் என்பாருடன் சேர்ந்து, நினைவோடு தொடர்புடைய இப்போகம்பசு என்னும் பகுதியில், பிறந்த பின்னரும் சிறுமணிக் கலங்கள் தோன்றுவதையும், வயது ஏற ஏற அவை அருகுவதையும் விரிவாகக் காட்டினார். 1969இல், நீரறையின் சுவரிற் பிறக்கும் கலங்கள் முன்னோக்கிப் பயணம் செய்து மணநுகர்ச்சிக் குமிழை அடைவதையும் வெளியிட்டார். கதையின் அடிப்படைச் சான்றுகள் ஏறக்குறைய அனைத்தும் ஏழாண்டுகளுக்குள் ஒருவர் கையில் வந்து சேர்ந்துவிட்டன எனலாம்.

அவருக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் மறுப்பன்று, மௌனம். எதிர்ப்பவனோடு வாதிடலாம், பேசாதிருப்பவனோடு என்ன செய்வது? 1968இல் அவர் இந்தியானா மாநிலத்தின் பேடியூ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவரது கண்டுபிடிப்புப் பாடநூல்களில் இடம்பெறவில்லை.

இங்கு வரலாறெழுதுவோர் அடிக்கடி செய்யும் ஒரு காரியத்தைக் குறிப்பிடல் தகும். அல்ட்மனைத் தியாகியாக்கி, எஞ்சியோர் அனைவரையும் கண்ணிருந்தும் காணாதவராக்கி எழுதுவது எளிது. அது முழுநீதியாகாது. அவர் காட்டிய சிறுமணிக் கலங்கள் மிகச் சிறியன. சாதாரண நுணுக்குக்காட்டியின் கீழ் அவற்றைக் கிளையாக் கலங்களிலிருந்து ஐயமறப் பிரித்தறிதல் இயலாது என்ற ஆட்சேபம் அக்காலத்தில் நியாயமானதே. பொஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் கப்லன் 1977இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்தி, புதிதாய்ப் பிறந்த கலங்கள் பிற நரம்புக் கலங்களோடு இணைப்புக் கொண்டவை என்று காட்டியபோது அவ்வாட்சேபம் பெரிதும் வலுவிழந்தது. அதன்பின்னரும் நிலைமை மாறவில்லை என்பதே உண்மையில் விளக்கம் வேண்டிநிற்கும் செய்தி.

1983இல் நியூயோர்க்கின் றொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நொட்டெபோமும் ஸ்ரீவன் கோல்ட்மனும், வளர்ந்த கனேரிப் பறவையின் பாட்டுக்குரிய மூளைப்பகுதியிற் புதிய நரம்புக் கலங்கள் தோன்றுவதை நிறுவினர். இம்முறை அறிஞர் நம்பினர். ஆனால் அது பறவைகளின் சிறப்பென்று ஒதுக்கினர். 1985இல் யேல் பல்கலைக்கழகத்தின் பாஸ்கோ றாக்கிச் குரங்குகளுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள தைமிடீனை ஏற்றி ஆராய்ந்து, வளர்ந்த குரங்கின் மூளையிற் புதிய நரம்புக் கலம் காணப்படவில்லை என அறிவித்தார். கற்றதைப் பல ஆண்டுகள் நினைவிற் பேணவேண்டிய உயிரினத்திற்கு நிலையான கலத்தொகுதி இன்றியமையாதது போலும் என்றும் அவர் கருதினார். இவ்வாதம் இலேசாகத் தள்ளத்தக்கதன்று. நூலகத்திற்கு நாள்தோறும் புதிய நூல்கள் வருவது நன்று. பழைய நூல்கள் இடம்மாறிக்கொண்டே இருந்தால் எவரால் எதனைத் தேடி எடுக்க முடியும்?

எனவே 1980களின் முடிவில், எலியில் உண்டு என்போரும் குரங்கில் இல்லை என்போரும் தத்தம் புள்ளிகளைக் காட்டி நின்றனர். இரு தரப்பாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. முதிர்ந்த நரம்புக் கலம் பிரிவதில்லை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அங்ஙனமாயின் புதிய கலத்திற்குத் தாய் எது? குருதியைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை கிடைத்திருந்தது: 1961இற் ரொறொன்ரோவில் ரில், மக்கலொக் என்னும் இருவர், ஒரே கலத்திலிருந்து பலவகைக் குருதிக் கலங்கள் தோன்றுவதைக் காட்டியிருந்தனர். இத்தகைய தாயை மூலக்கலம் என்பர். அது இரு தொழில் உடையது. தன்னைப்போன்ற இன்னொன்றை ஆக்கவல்லது, குறித்த தொழிலுக்குரிய கலமாக வியத்தமடையும் மகவையும் ஈனவல்லது. மூளையில் அத்தகைய தாயை எவரும் கையிலெடுத்துக் காட்டவில்லை. தாயைக் காட்டாது பிறப்பை மட்டும் கூறியமையே அல்ட்மனின் சான்றை அந்தரத்தில் நிறுத்திற்று என்பது என் துணிபு. தாயைக் காட்ட வேண்டுமாயின், அது எந்தக் கட்டளைக்குச் செவிசாய்த்துப் பிரிகின்றது என்று முதலில் அறியவேண்டும்.

அக்கட்டளையின் கதை வேறொரு திசையிலிருந்து வருகின்றது. இத்தாலியின் ரியூறின் நகரில், 1938ஆம் ஆண்டின் இனச் சட்டங்களாற் பல்கலைக்கழகத்தைவிட்டு விலக நேர்ந்த யூதப் பெண்மருத்துவர் றீற்றா லெவி மொந்தால்சினி, தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கிக் கோழிமுட்டை முளையங்களின் நரம்புகளை ஆராய்ந்தார். போர் முடிந்தபின் 1947இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகருக்குச் சென்றார். எலிப் புற்றுத் துண்டொன்றைக் கோழி முளையத்திற் பதித்தால், அதனை நாடி நரம்பிழைகள் காடாய் வளர்வதைக் கண்டார். புற்றிலிருந்து ஏதோவொரு பொருள் கசிந்து நரம்பை வளர்க்கின்றது. அப்பொருளைப் பிரித்தெடுக்க 1953இல் உயிர் இரசாயனவியலாளரான ஸ்ரான்லி கோகன் அவருடன் சேர்ந்தார். கையிலுள்ள சாற்றில் நியூக்கிளிக்கமிலம் உண்டோவென்று சோதிப்பதற்காக அதனைச் சிதைக்கவல்ல பாம்பு நஞ்சைச் சேர்த்தபோது, நரம்பு வளர்ச்சி குறையவில்லை, பன்மடங்கு கூடிற்று. நஞ்சிலேயே அப்பொருள் மிகுந்திருந்தது. பாம்பின் நச்சுச் சுரப்பிக்கு நிகரானது பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி என்று எண்ணிய கோகன் எலியின் அச்சுரப்பியை ஆராய்ந்தார். அங்கும் அது இருந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி கிடைத்த கதை இது.

ஆயின் நமது கதைக்கு வேண்டியது அதன் பக்கவிளைவு. உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றை ஏற்றிய எலிக்குஞ்சுகள், வழமையாகப் பதின்மூன்று நாளளவிற் கண் திறக்க வேண்டியவை, ஏழு நாளளவிலேயே திறந்தன. பற்களும் முந்தி வெளிப்பட்டன. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தூயதாக்கி ஏற்றினால் இவ்விளைவு இல்லை. வேறொருவர் இதனை மாசின் விளைவென்று விட்டிருப்பார். 1959இல் நாஷ்வில் நகரின் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற கோகன் இவ்விமைகளை விடவில்லை. 1962இல் அச்சாற்றிலிருந்த புரதத்தைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். தோலின் மேற்படைக் கலங்களைப் பெருக்குவதால் அது மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. ஐம்பத்து மூன்று அமினோவமிலங்களால் ஆன சிறு புரதம் அது.

இச்சிறு புரதத்தின் தொழிலை ஆராய்ந்ததன் வழியே கலங்களுக்கிடையிலான சமிக்ஞை என்னும் எண்ணம் தெளிவுபெற்றது. அப்புரதம் கலத்தினுள் நுழைந்து வேலை செய்வதன்று. கலத்தின் மேற்பரப்பில் அதற்கென அமைந்த வாங்கி ஒன்றைப் பற்றுகின்றது. மென்சவ்வின் வெளிப்புறத்தே நிகழும் இப்பற்றுதலால் வாங்கியின் உட்புறம் விழித்து, பொசுபேற்றுக் கூட்டங்களைப் புரதங்களில் ஒட்டத் தொடங்குகின்றது. இதனைக் கோகன் குழுவினர் 1980ஐ அண்டிய ஆண்டுகளிற் காட்டினர். ஒன்று மற்றொன்றைத் தூண்ட, அது இன்னொன்றைத் தூண்ட, முடிவிற் செய்தி கலக்கருவை எட்டி, பிரிதற்குரிய பரம்பரையலகுகள் எழுப்பப்படுகின்றன. இத்தொடரையே சமிக்ஞை வழி என்கின்றனர். லெவி மொந்தால்சினிக்கும் கோகனுக்கும் 1986இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போதும் மேற்றோற் காரணியை வளர்ந்த மூளையோடு எவரும் பொருத்திப் பார்க்கவில்லை.

பொருத்தியவர்கள் கனடாவின் கல்காரி பல்கலைக்கழகத்தினரான பிறென்ற் றெய்னோல்ட்ஸ், சாமுவேல் வைஸ் என்னும் இருவர். முன்னவர் அந்நாளிற் பட்டப்பின்படிப்பு மாணவர். வளர்ந்த எலியின் மூளையத்திலிருந்து கலங்களைப் பிரித்து, மேற்றோல் வளர்ச்சிக் காரணி சேர்த்த வளர்ப்பூடகத்தில் வைத்தனர். எதிர்பார்த்தவாறே பெரும்பாலானவை மாண்டன. ஆனால் மிகச் சில கலங்கள் சில நாட்களின் பின் பிரியத் தொடங்கி, தட்டிலிருந்து விடுபட்டு மிதக்கும் சிறு உருண்டைகளாயின. உருண்டையைக் கலைத்துத் தனிக்கலங்களாக்கினால் அவை மீண்டும் உருண்டைகளை ஆக்கின. ஒட்டும் தளத்தில் வைத்தபோது அவற்றின் மகவுகள் நரம்புக் கலங்களாகவும் கிளையாக் கலங்களாகவும் வியத்தமடைந்தன. 1992 மார்ச்சில் இது ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மெல்பேணில் இன்னொரு குழுவினரும் வேறொரு வளர்ச்சிக் காரணியைக் கொண்டு இதனையொத்த முடிவை எய்தினர்.

எலிக்குஞ்சின் இமையைத் திறந்த புரதம் மூளையின் தாய்க்கலத்தையும் எழுப்பிவிட்டது. இதன்பின் அல்ட்மனின் புள்ளிகளுக்குப் பொருள் கிடைத்தது. 1912இல் அலன் கண்ட சுவர்க் கலங்களும், 1969இல் அல்ட்மன் கண்ட பயணிகளும் ஒரே வமிசத்தவரெனப் புலப்பட்டது. 1999இல் அத்தாய்க்கலம் யாதென்பதை ஆர்ற்றூறோ அல்வாறெஸ் புயிய்யாவின் குழுவினர் காட்டியபோது இன்னொரு வியப்பு நேர்ந்தது: பல்லாண்டுகளாக வெறும் தாங்கிகளென எண்ணப்பட்ட கிளையாக் கலங்களுள் ஒருவகையே அது. தட்டிற் கண்டது முழுவதும் மூளையிலும் அவ்வாறே என்று கொள்ளலுமாகாது. மேற்றோற் காரணிக்கு விரைந்து செவிசாய்ப்பவை பெரும்பாலும் தாயல்ல, தாயிடமிருந்து அப்போதுதான் பிறந்து விரைவாய்ப் பெருகும் மகவுகளே என்று 2002இல் அறியப்பட்டது.

பெருக்குவதற்கு ஒரு சமிக்ஞை இருந்தால், அடக்கி வைப்பதற்கும் ஒன்று வேண்டுமன்றோ? அனைத்துத் தாய்க்கலங்களும் ஒருங்கே நரம்புக் கலங்களாகிவிட்டால் நாளைக்குத் தாய் இராது. இதற்குரிய சமிக்ஞையின் வரலாறு மூளையிலன்று, பழ ஈயின் சிறகிலே தொடங்குகின்றது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ற் மோகன் காலத்தில், சிறகின் ஓரத்தில் வெட்டு விழுந்த ஈக்கள் காணப்பட்டன. அப்பிறழ்வுக்கு வெட்டு எனப் பொருள்படும் ‘நொட்ச்’ என்ற பெயர் இடப்பட்டது. 1930களின் இறுதியில் டொனால்ட் போல்சன், இப்பரம்பரையலகு அறவே இல்லாத ஈமுளையத்தில் நரம்புத் திசு மிதமிஞ்சிப் பெருகி, தோல் குன்றிப்போவதைக் கண்டார். நொட்ச் இல்லையேல் அண்டைக் கலங்கள் யாவும் நரம்பாக விரைகின்றன. அதன் அமைப்பு 1985இல் வாசிக்கப்பட்டபோது, அப்புரதத்தின் வெளிப்புறத்தில் மேற்றோல் வளர்ச்சிக் காரணியைப் போன்ற துண்டுகள் முப்பத்தாறு அடுக்கடுக்காய் அமைந்திருந்தன. ஈயின் சிறகும் எலியின் இமையும் இவ்வாறு உறவாகும் என்று எந்த ஆசிரியர் எதிர்பார்த்திருப்பார்!

நொட்ச் செயற்படும் முறை அயலவர் இருவரின் உரையாடலை ஒத்தது. நரம்பாக முற்படும் கலம் தன் மேற்பரப்பில் டெல்ரா என்னும் புரதத்தை ஏந்துகின்றது. அது பக்கத்துக் கலத்தின் நொட்சைத் தொட்டவுடன் நொட்சின் உட்பகுதி அறுபட்டுக் கலக்கருவை அடைந்து, ஹெஸ் எனப்படும் பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. அவை நரம்பாக்கும் பரம்பரையலகுகளை அடக்குகின்றன. ஒன்று நரம்பாக, அயலது தாயாகவே நிற்கின்றது. எலியின் மூளையில் நொட்ச் வழியைத் தடுத்தால் தாய்க்கலங்கள் காலத்திற்கு முந்தியே நரம்பாகிப் பின்னர் கையிருப்பு வற்றிவிடுகின்றது. நொட்சை அறுக்கும் நொதியமே அல்சைமர் நோயில் மூளையிற் படியும் புரதத்தையும் அறுத்து ஆக்குவது. ஆதலால் அந்நொதியத்தை முற்றாகத் தடுக்கும் மருந்து நொட்சையும் தடுத்துவிடுமென்ற அச்சம் மருந்தாக்குவோரைத் தொடர்ந்து வந்துள்ளது.

ஏனைய வழிகளைச் சுருங்கக் கூறலாம். வின்ற் என்னும் சமிக்ஞை எலியின் முலைப் புற்றிலிருந்து 1982இல் அறியவந்தது; 2002இல் அவ்வழியை எலி முளையத்தின் மூளையில் மிகைப்படத் தூண்டியபோது தாய்க்கலங்கள் பெருகி, இயல்பில் வழுவழுப்பான எலிமூளை மடிப்புற்றது. ஹெட்ஜ்ஹொக் எனப்படுவதும் ஈயிலிருந்தே வந்தது; அது கட்டின்றி இயங்கினாற் சிறுவரின் சிறுமூளையிற் புற்று எழலாம். வளர்க்கும் சமிக்ஞை அளவு மீறினால் அழிக்கும் சமிக்ஞை ஆகும். மூளையின் மூலக்கலங்களை மருந்தாற் தூண்டி நோய் தீர்க்கலாம் என்ற ஆவலுடையோர் அஞ்சும் இடமும் இதுவே.

மனிதரைப் பற்றிய வினா எஞ்சிநின்றது. 1998இற் சுவீடனின் பீற்றர் எரிக்சனும் கலிபோணியாவின் பிறெட் கேஜும், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது கலப்பிரிவை அளக்கும் சாயப்பொருள் ஏற்றப்பெற்று, பின்னர் இறந்த ஐவரின் மூளையை ஆராய்ந்து, இப்போகம்பசுவிற் புதிய நரம்புக் கலங்கள் இருந்தமையைக் கண்டனர். 2013இல் யோனஸ் பிறிசேனின் குழுவினர் இன்னும் விந்தையான திகதியிடும் முறையைக் கையாண்டனர். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுக்குண்டுப் பரிசோதனைகளால் வளியிற் பெருகிய கதிர்த்தொழிற்பாட்டுக் காபன், அக்காலத்திற் பிறந்த ஒவ்வொரு கலத்தின் டி.என்.ஏ.யிலும் அளவாய்ப் பதிந்துள்ளது. பேரழிவுக் கருவியின் தடயமே பிறப்புச் சாட்சியாயிற்று. வளர்ந்த மனிதரின் ஒருபக்க இப்போகம்பசுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 புதிய நரம்புக் கலங்கள் சேர்கின்றன என அவர்கள் கணித்தனர். அல்ட்மனுக்கும் 2011இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது, வேறிருவரோடு சேர்த்து, வழங்கப்பட்டது. கஹாலின் நாடே அவ்விருதை அளித்தது.

அவர் 2016இற் காலமானார். இரண்டாண்டுகளின் பின் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. 2018இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில், அல்வாறெஸ் புயிய்யாவும் உள்ளிட்ட குழுவொன்று, சிறுபராயத்தின் பின் மனித இப்போகம்பசுவில் இளம் நரம்புக் கலங்களைக் காணமுடியவில்லை என்று அறிவித்தது. அஸ்தூரியாஸ் விருதை அல்ட்மனோடு பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். அவ்வாண்டிலேயே இன்னொரு குழு முதியோரிடத்தும் அவை உண்டென்றது. இறப்பின் பின் எத்தனை மணி நேரத்தில் மூளை பதப்படுத்தப்பட்டது, எந்தப் புரதம் இளமையின் அடையாளம் என்பவை பற்றி விவாதம் நீண்டது. 2025இற் பிறிசேனின் குழுவினர், குழந்தைகள் முதல் எழுபத்தெட்டு வயதினர் வரையானோரின் மூளைக் கலக்கருக்களில் எப்பரம்பரையலகுகள் தொழிற்பட்டன என்பதை ஒவ்வொன்றாய் வாசித்து, பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிக் கலங்களை வளர்ந்தோரிடத்தும் கண்டதாக ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினர். அக்கலங்கள் சிலரிடத்து மிகுதியாகவும், சிலரிடத்து ஏறக்குறைய இல்லையெனுமளவிலும் இருந்தன.